ஜப்பானிய நாவலாசிரியர் மாட்சுமோட்டோ செய்ச்சோ

எழுத்துத் துறையில் புகழ் பெற வேண்டுமானால் கல்லூரிப் படிப்பு வேண்டும், இளமையிலேயே தொடங்க வேண்டும், ஓய்வும் வசதியும் வேண்டும் என்று நம்மில் பலர் கருதுகின்றனர். இம்மூன்றும் வாய்க்கப் பெறாத ஒருவர், நாற்பது வயதுக்குப் பின் பேனாவைக் கையில் எடுத்து, ஒரு தேசத்து மக்கள் அனைவரும் விரும்பிப் படிக்கும் நாவலாசிரியராக உயர்ந்தார். அவர்தாம் ஜப்பானிய எழுத்தாளர் மாட்சுமோட்டோ செய்ச்சோ. மாட்சுமோட்டோ என்பது குடும்பப் பெயர். அந்நாட்டு வழக்கப்படி அது முன்னே வரும். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் கியோஹாரு. அதே எழுத்துக்களைச் செய்ச்சோ என்றும் படிக்க இயலுமாதலால், எழுத்துலகில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

அயல்நாட்டு எழுத்தாளர் எத்தனையோ பேர் இருக்க, இவருடைய வரலாற்றை இம்மலருக்கு நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இவர் நம்மைப் போன்று அலுவலகத்தில் கீழ்நிலையில் அமர்ந்து, மாதச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்தியவர். இரண்டாவது, ரயில் வண்டிகளின் கால அட்டவணையை இவரைப் போல் இலக்கியமாக்கிய எழுத்தாளர் வேறொருவரை நாம் அறிந்ததில்லை. ரயில்வே ஊழியர் குடும்பங்கள் மிகுந்த நம் காலனியில் இவரைப் பற்றி அறிந்துகொள்வது பொருத்தமே ஆகும்.

தந்தையின் ஊர்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தெற்கே உள்ளது கியூஷு. அதன் வடமுனையில் உள்ள கொகுரா நகரில், பதிவேடுகளின்படி 1909ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் செய்ச்சோ பிறந்தார். இவருக்கு முன் பிறந்த இரு பெண் மகவுகளும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டமையால், பெற்றோருக்கு இவர் ஒரே செல்வமாக வளர்ந்தார்.

தந்தையார் மினேட்டாரோவின் கதை உருக்கமானது. அவர் டொட்டோரி மாநிலத்து மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறொரு ஏழைக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். வளர்ந்ததும் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறி ஹிரோஷிமாவுக்குச் சென்றார். நூற்பாலையில் கூலி வேலை செய்த தானி என்ற பெண்மணியை மணந்து, பின்னர் கியூஷு வந்து சேர்ந்தார். எந்தத் தொழிலும் அவருக்கு நிலைக்கவில்லை. ஆயினும் இரவு நேரங்களில் மகனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தம் பிறந்த ஊரின் ஆற்றையும் மலையையும் பற்றிக் கூறுவார். ஒரு நாள் உன்னை அங்கே அழைத்துச் செல்வேன் என்பார். ரயில் செலவுக்குப் பணம் சேரவில்லை. கடைசி வரையில் அவர் அந்த ஊரைத் திரும்பக் காணவில்லை. பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவில் குடியேறியுள்ள நமக்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. தந்தையார் செய்ய முடியாத அந்தப் பயணத்தை மகன் பிற்காலத்தில் தாமே செய்தார். அதனைப் பின்னணியாக வைத்து 1955இல் ஒரு சிறுகதையும் எழுதினார்.

இளமையில் சில காலம் குடும்பம் கடல் இடுக்குக்கு அப்பால் ஷிமோனொசெக்கியில் வாழ்ந்தது. அங்கே கடலோரத்தில், ஒட்டரிசியை இடித்துச் செய்யும் மோச்சி என்னும் பணியாரத்தை விற்றுப் பெற்றோர் காலம் தள்ளினர். தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். தந்தையாரோ பத்திரிகை படிப்பதிலும் அரசியல் பேசுவதிலும் பெருவிருப்பம் கொண்டவர். மகனுக்கு வந்த படிப்பு ஆசை தந்தை வழி வந்ததே எனலாம்.

ஆபீஸ் பையன்

உயர் தொடக்கப் பள்ளியோடு 1924இல் செய்ச்சோவின் கல்வி முடிந்தது. பதினான்கு வயதில் கொகுராவில் இருந்த மின்சாரக் கம்பெனிக் கிளை ஒன்றில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தார். தேநீர் கொடுப்பது, தபால் கொண்டுசெல்வது, கடைகளுக்குச் சென்று வருவது ஆகியவை அவருடைய கடமைகள். சைக்கிளில் செல்லும்போது, தம்முடன் தொடக்கப் பள்ளியில் படித்த சிறுவர்கள் நடுநிலைப் பள்ளிச் சீருடை அணிந்து எதிரே வருவதைக் காண்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்வார். அந்த நாட்களின் நோவு அவருடைய நெஞ்சைவிட்டு என்றுமே அகலவில்லை.

ஆனால் அந்நோவு அவரைச் சோம்பியிருக்கச் செய்யவில்லை. நூல்நிலையத்திலும் புத்தகக் கடைகளிலும் நின்றபடியே படித்தார். அகுதாகவா, கிக்குச்சி கான் முதலிய தம் நாட்டு ஆசிரியர்களையும், மொழிபெயர்ப்பின் வாயிலாக எட்கர் ஆலன் போ, டாஸ்டாயெவ்ஸ்கி, கார்க்கி ஆகியோரையும் அறிந்தார். பத்திரிகை நிருபராக வேண்டும் என்ற ஆவலில் உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகம் ஒன்றுக்குச் சென்று கேட்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவருக்கு அவ்வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினர்.

கம்பெனியின் கிளை மூடப்படவே, 1928இல் அச்சகம் ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். கல்லச்சுக்கு எழுத்தும் படமும் வரைவதே வேலை. 1929இல் ஒரு துன்பம் நேர்ந்தது. பொதுவுடைமைக் கருத்துடைய பத்திரிகைகளைப் படிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற சந்தேகத்தில் போலீசார் அவரைப் பிடித்துப் பத்து நாட்களுக்கு மேல் காவலில் வைத்தனர். விடுதலையாகி வீட்டுக்கு வந்தபோது, தந்தையார் அஞ்சி அவருடைய புத்தகங்களையெல்லாம் எரித்துவிட்டிருந்தார். அதன்பின் நெடுங்காலம் அவர் இலக்கியத்தை நினைக்கவும் இல்லை. வயிற்றுப்பாடே பெரிதாயிற்று.

பத்திரிகை அலுவலகத்தில்

1936இல் திருமணம் நடந்தது. 1937இல் அஸாஹி என்னும் பெரும் பத்திரிகை, கொகுராவில் கிளை அமைத்து அச்சிடத் தொடங்கியது. செய்ச்சோ யாருடைய சிபாரிசும் இன்றி அதன் தலைவருக்கு நேரே கடிதம் எழுதி, விளம்பரங்களுக்கு எழுத்தும் சித்திரமும் வரைந்து தரும் வேலையைப் பெற்றார். முதலில் ஒப்பந்த முறையில்தான் வேலை. பல ஆண்டுகள் கழித்தே நிரந்தர ஊழியரானார்.

அலுவலகங்களில் உள்ள ஏற்றத்தாழ்வு எத்தகையது என்பதை நாம் அறிவோம். தலைமையிடத்திலிருந்து வந்த பட்டதாரிகள் ஒரு வரிசை. உள்ளூரில் சேர்க்கப்பட்டவர்கள் மற்றொரு வரிசை. முதல் வரிசையினர் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுப் பதவி உயர்வு பெற்று டோக்கியோவுக்கோ ஓசாகாவுக்கோ சென்றுவிடுவர். இரண்டாம் வரிசையினர் அதே நாற்காலியில் முதுமை எய்துவர். செய்ச்சோ இரண்டாம் வரிசையினர். இரண்டு வரிசையினரிடையே நட்பும் குறைவு, பேச்சும் குறைவு. பிற்காலத்தில் அவருடைய கதைகளில் வரும் உதவி அதிகாரிகள், குமாஸ்தாக்கள், மேலதிகாரிக்காகப் பழியைச் சுமப்பவர்கள் எல்லாரும் இந்த இருபது ஆண்டு அனுபவத்தில் பிறந்தவர்களே.

அலுவலக நண்பர் ஒருவருடைய தூண்டுதலால், விடுமுறை நாட்களில் வடகியூஷுவில் உள்ள பழைய இடிபாடுகளையும் புதைகுழிகளையும் சுற்றிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு உண்டாயிற்று. எவருக்கும் பயன்படாத பொழுதுபோக்கு என்றே மற்றவர்கள் நினைத்தனர். ஆனால் அதுவே பின்னாளில் ஜப்பானின் தொல்வரலாற்றைப் பற்றி அவர் பல நூல்கள் எழுதுவதற்கு வித்தாயிற்று.

துடைப்ப வியாபாரம்

இரண்டாம் உலகப் போரின்போது அவரையும் படைக்கு அழைத்தனர். 1944இல் கொரியாவுக்கு அனுப்பப்பட்டு, மருத்துவப் பிரிவில் சிப்பாயாகப் பணிபுரிந்தார். அலுவலகத்தில் கண்ட உயர்வு தாழ்வு படையில் இல்லை என்பதைக் கண்டு அவர் வியந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. படுக்கையும் உணவும் எல்லாருக்கும் ஒன்று; பட்டதாரிக்கும் ஆபீஸ் பையனுக்கும் ஒரே அடி உதை.

போர் முடிந்து 1945இல் தாயகம் திரும்பியபோது நாடே வறுமையில் ஆழ்ந்திருந்தது. பெற்றோர், மனைவி, மக்கள் எனப் பெரிய குடும்பம். பத்திரிகை அலுவலகச் சம்பளம் அரிசிக்கும் போதவில்லை. மனைவியின் பிறந்த ஊர்ப் பக்கத்தில் விவசாயிகள் துடைப்பம் கட்டுவது வழக்கம். அத்துடைப்பங்களை வாங்கி, விடுமுறை நாட்களில் ரயிலேறி, ஹிரோஷிமா, ஓசாகா, கியோட்டோ நகரங்களின் கடைகளுக்கு விற்கத் தொடங்கினார். ஜன்னல் வழியே மக்கள் ஏறி இறங்கிய காலம் அது. மூச்சுவிடவும் இடமில்லாத வண்டிகளில், இரவு முழுவதும் நின்றுகொண்டே பயணம் செய்தார். வியாபாரம் முடிந்து அடுத்த வண்டி வரும் வரை கிடைத்த சிறிது நேரத்தில் கோயில்களையும் பழைய இடங்களையும் பார்த்துவந்தார். இவ்வியாபாரம் சுமார் மூன்று ஆண்டுகள் நடந்தது. எந்த ஊரில் எந்த வண்டி எப்போது வரும், எங்கே மாறி ஏற வேண்டும் என்பதையெல்லாம் அவர் கற்றது இப்பள்ளிக்கூடத்தில்தான்.

முதற்கதையும் முதற்பரிசும்

1950இல் அஸாஹியின் வார இதழ் ஒரு கதைப் போட்டியை அறிவித்தது. பரிசுத் தொகை குடும்பத்துக்கு உதவுமே என்ற எண்ணத்தில் செய்ச்சோ ஒரு கதை எழுதி அனுப்பினார். 1877இல் சாய்கோ தாகமோரி என்ற வீரர் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தபோது, அவருடைய படையினர் தாமே நோட்டு அச்சடித்து வழங்கினர். கிளர்ச்சி தோற்றதும் அந்நோட்டுகள் வெறுங்காகிதமாயின. அக்காகிதத்தைச் சுற்றி எழுந்த பேராசையும் வஞ்சமுமே கதை. அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. 1951இல் அது வெளிவந்து, நவோகி பரிசுக்கும் பரிசீலிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

அடுத்த ஆண்டில் எழுதிய கதையே அவரை நாடறியச் செய்தது. புகழ்பெற்ற எழுத்தாளரும் ராணுவ மருத்துவருமான மோரி ஓகை, 1899 முதல் 1902 வரை கொகுராவில் பணியாற்றினார். அந்நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு காணாமற் போயிருந்தது. உடல் ஊனமும் பேச்சுத் தடையும் உடைய ஏழை இளைஞன் ஒருவன், ஓகையை அறிந்த முதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கேட்டு, இழந்த நாட்குறிப்பின் செய்திகளை மீண்டும் திரட்ட முயல்கிறான். தாயார் ஒருத்தியே அவனுக்குத் துணை. இதனால் என்ன பயன் என்று சிலர் நகைக்கின்றனர். போர் வந்து எல்லாவற்றையும் குலைக்கிறது. உணவின்றி உடல் நலிந்து அவன் மாள்கிறான். அவன் இறந்த சிறிது காலத்தில், 1951இல், உண்மையான நாட்குறிப்பே டோக்கியோவில் அகப்பட்டுவிடுகிறது. அதை அறியாமல் அவன் இறந்தது அவனுக்கு நன்மையோ தீமையோ என்ற வினாவோடு கதை முடிகிறது.

பயன் கருதாத உழைப்புக்கு மதிப்பு உண்டா என்பதே இக்கதையின் உட்கேள்வி. அலுவலகத்தில் முன்னேற வழியின்றி, விடுமுறையில் இடிபாடுகளைத் தேடி அலைந்த ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி அது என்று நாம் கருதுகிறோம். இக்கதை முதலில் பொதுமக்கள் இலக்கியத்துக்குரிய நவோகி பரிசுக்கே பரிசீலிக்கப்பட்டது. நடுவர்கள் இது உயர் இலக்கியத்துக்குரியது எனக் கருதி அகுதாகவா பரிசுக் குழுவுக்கு மாற்றினர். 1953 ஜனவரியில் அப்பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டின் இறுதியில் டோக்கியோ அலுவலகத்துக்கு மாற்றம் பெற்றார். முதலில் தனியே தங்கினார். பின்னர் எட்டுப் பேர் கொண்ட குடும்பம் முழுவதும் வந்து சேர்ந்தது. பகலில் விளம்பரப் பகுதி, இரவில் எழுத்து என்று உழைத்து, 1956இல் நாற்பத்தாறாம் வயதில் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

நான்கு நிமிடங்கள்

அதுகாறும் ஜப்பானில் துப்பறியும் கதை என்றால் பூட்டிய அறையில் கொலை, விசித்திரமான மாளிகை, வேடம் மாறும் குற்றவாளி, அமானுஷ்யமான துப்பறிவாளன் என்பவையே பெரும்பாலும் இருந்தன. எடொகாவா ராம்போ அத்துறையின் தந்தை. செய்ச்சோ வேறு வழியை மேற்கொண்டார். ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், எந்தச் சமூகம் அவனை அந்நிலைக்குக் கொண்டுவந்தது என்று வினவினார். அவருடைய துப்பறிவாளர்கள் தேய்ந்த பூட்ஸ் அணிந்து, பயணப்படி போதாமல் தவிக்கும் சாதாரணப் போலீஸ்காரர்கள். இவ்வகை நாவல்களுக்குச் சமூகப் பிரிவு என்ற பெயரே ஏற்பட்டது. 1957இல் ஜப்பான் துப்பறியும் எழுத்தாளர் கழகத்தின் பரிசு அவருடைய சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது.

அவருடைய முதல் நீண்ட துப்பறியும் நாவலின் பெயருக்குப் புள்ளிகளும் கோடுகளும் என்பது பொருள். 1957 பிப்ரவரி முதல் 1958 ஜனவரி வரை பயண இதழ் ஒன்றில் அது தொடராக வெளிவந்தது. ரயில் கால அட்டவணையை அச்சிட்டு விற்ற அதே நிறுவனந்தான் அவ்விதழையும் நடத்தியது என்பது சுவையான செய்தி.

கியூஷுவில் ஹகாட்டா நகருக்கு அருகே காஷியி கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கின்றனர். ஆண், லஞ்ச வழக்கில் சிக்கிய அமைச்சக உதவி அதிகாரி. பெண், டோக்கியோ உணவுவிடுதி ஒன்றில் பரிமாறுபவள். காதலர் தற்கொலை என்று எல்லாரும் முடிவு செய்கின்றனர். ஆனால் உள்ளூர் முதிய போலீஸ்காரர் தொரிகாயின் மனம் அமைதி அடையவில்லை. இறந்தவருடைய சட்டைப்பையில் ரயில் உணவு வண்டியின் ரசீது ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் உணவு அருந்தியதாகவே எழுதியிருக்கிறது. காதலியுடன் கடைசிப் பயணம் செய்பவன் தனியே உண்பானா? இந்தச் சிறு ஐயத்தில் தொடங்குகிறது நாவல்.

அவ்விருவரும் டோக்கியோ நிலையத்தில் ஒன்றாக வண்டியேறியதைப் பார்த்ததற்குச் சாட்சிகள் உண்டு. அவர்கள் ஏறியது ஹகாட்டா செல்லும் அசாகஸே என்னும் இரவு எக்ஸ்பிரஸ்; 1956இல் ஓடத் தொடங்கிய வண்டி அது, 2005இல் நிறுத்தப்பட்டது. அவ்வண்டி 15ஆம் பிளாட்பாரத்தில் நிற்கிறது. சாட்சிகள் நின்றதோ 13ஆம் பிளாட்பாரம். இடையில் வேறு வண்டிகள் ஓயாமல் வந்து நின்று மறைத்துக்கொண்டிருக்கும். மாலை 5 மணி 57 நிமிடம் முதல் 6 மணி 1 நிமிடம் வரை, நான்கே நிமிடங்கள்தாம் 13இலிருந்து 15ஐத் தடையின்றிக் காண முடியும். அந்த நான்கு நிமிடங்களில் சாட்சிகள் அங்கே இருந்தது தற்செயலா, யாரேனும் கணக்கிட்டு அழைத்து வந்ததா என்று டோக்கியோ போலீஸ்காரர் மிஹாரா ஆராய்கிறார்.

எந்தப் பிளாட்பாரத்தில் எந்த வண்டி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அன்றாடம் பதிவேட்டில் குறிக்கும் நம் போன்றோருக்கு இவ்விடம் அளிக்கும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. நமக்கு வறண்ட எண்களாகத் தோன்றும் வரிசையில் அவர் ஒரு மனித நாடகத்தைக் கண்டார். சந்தேகத்துக்குரிய வியாபாரி, கொலை நடந்தபோது தாம் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவுக்குச் சென்றிருந்ததாகச் சொல்கிறார். நாட்டின் இரு கோடிகளுக்கும் இடையே உள்ள இணைப்பு வண்டிகள், அக்காலத்தில் ரயில் பயணிகள் கடலைக் கடந்த கப்பல், கப்பலில் ஏறுவோர் எழுதித்தரும் பெயர்ச் சீட்டு ஆகியவை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அவ்வியாபாரியின் மனைவி காசநோயால் படுத்த படுக்கையாயிருந்து, கால அட்டவணையையே கதைப் புத்தகமாகப் படித்துக்கொண்டிருப்பவள். இதே நேரத்தில் எந்தெந்த ஊர்களில் எந்தெந்த வண்டிகள் சந்திக்கின்றன என்று கற்பனை செய்வதே அவளுக்கு உலகம். முடிவை இங்கே வெளியிட்டால் படிக்கப்போகும் அன்பர்களுக்கு இன்பம் கெடும். மேலதிகாரிகளின் ஊழலை மறைக்கச் சின்ன உத்தியோகஸ்தர் ஒருவர் பலியாவதும், பெரியவர்கள் தப்பிவிடுவதும் அந்நாவலின் உள்ளுறை என்பதை மட்டும் கூறி அமைகிறோம்.

மணற் பாத்திரம்

1960 மே முதல் 1961 ஏப்ரல் வரை யொமியூரி பத்திரிகையின் மாலைப் பதிப்பில் வெளிவந்தது மணற் பாத்திரம் என்று பொருள்படும் நாவல். டோக்கியோவில் கமாட்டா ரயில் யார்டில், நின்றிருந்த வண்டிக்கு அடியில் ஒரு முதியவரின் பிணம் கிடக்கிறது. முந்தின இரவு அவருடன் மதுக்கடையில் இருந்த இளைஞன் யார் என்று தெரியவில்லை. கடையில் இருந்தோர் காதில் விழுந்தவை, வடகிழக்கு நாட்டுப் பேச்சின் சாயலும், கமேதா என்ற ஒரு சொல்லுமே. இமானிஷி என்ற நடுத்தர வயதுத் துப்பறிவாளர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். மேற்கே இசுமோ நாட்டின் மலைப்பகுதியிலும் அதே சாயலில் மக்கள் பேசுகிறார்கள் என்பதை மொழிநூல் வல்லுநரிடம் கேட்டறிந்ததும் வழி திறக்கிறது.

இந்நாவலின் அடியில் உள்ளது தொழுநோயாளருக்கு இழைக்கப்பட்ட கொடுமை. நோயுற்ற தந்தையும் சிறு மகனும் ஊரார் விரட்ட, வழிநடையாய் அலைந்த துயரமே பின்னாளில் நடக்கும் குற்றத்துக்கு மூலம். பிறப்பை மறைத்து உயர்நிலை எய்திய ஒருவன், தன்னைக் குழந்தைப் பருவத்தில் காத்த நல்லவரையே எதிரியாகக் காணும் நிலை எப்படி வந்தது என்று ஆசிரியர் காட்டுகிறார். குற்றத்தை அவர் நியாயப்படுத்தவில்லை. கொல்லப்பட்டவர் அப்பழுக்கற்ற மனிதர் என்பதை வற்புறுத்தவே செய்கிறார். ஆயினும் குற்றவாளியை வளர்த்த சமூகத்தையும் கூண்டில் ஏற்றுகிறார். தொழுநோயாளரை ஒதுக்கி வைக்கும் சட்டம் ஜப்பானில் 1996 வரை நீடித்தது என்பதை எண்ணும்போது, 1960இல் ஒரு தினசரியில் இதை எழுதுவதற்கு வேண்டிய துணிவு விளங்கும். 1974இல் நொமுரா யொஷிட்டாரோ இதனைத் திரைப்படமாக்கினார். தந்தையும் மகனும் பனியிலும் மழையிலும் நடந்து செல்லும் காட்சிகளை ஜப்பானிய மக்கள் இன்றும் பேசுகின்றனர்.

கரும்பனி

1960இல் அவர் எழுதிய மற்றொரு தொடர், ஜப்பானின் கரும்பனி என்பது. நாடு அமெரிக்கப் படையின் ஆதிக்கத்தில் இருந்தபோது நடந்து, விடை காணாமல் நின்ற சம்பவங்களை அதில் ஆராய்ந்தார். அவற்றுள் முதன்மையானது ரயில்வே தலைவர் ஷிமொயாமாவின் மரணம். 1949 ஜூனில் ஜப்பான் தேசிய ரயில்வே தனி நிறுவனமாக அமைக்கப்பட்டபோது அவர் அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ 95,000 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஜூலை 5ஆம் நாள் காலை அலுவலகம் செல்லும் வழியில் ஒரு பெருங்கடைக்குள் நுழைந்தவர் திரும்பவில்லை. மறுநாள் அதிகாலை அவருடைய உடல் ரயில் பாதையில் சிதைந்து கிடந்தது. தற்கொலையா கொலையா என்பதில் போலீசாரே இரு பிரிவாயினர். முடிவு எட்டப்படவே இல்லை. அதனைத் தொடர்ந்து ஆகஸ்டில் மத்சுகாவாவில் வண்டி கவிழ்க்கப்பட்டு மூன்று ஊழியர் மாண்டனர். இருபது தொழிலாளர்மீது வழக்குத் தொடரப்பட்டு, சிலருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. அவர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று 1963இல் இறுதியாகத் தீர்ப்பாயிற்று.

இச்சம்பவங்களின் பின்னே ஆதிக்கப் படையின் இரகசியப் பிரிவினர் இருந்தனர் என்பது செய்ச்சோவின் வாதம். இவ்வாதத்தை வரலாற்று ஆசிரியர் பலர் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே சூழ்ச்சியால் விளக்க முற்படுகிறார் என்று குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆயினும் மூடிய கோப்புகளை ஒரு தனி மனிதர் திறந்து பார்க்கத் துணிந்ததும், ஆவணங்களைத் தேடி உழைத்ததும் பாராட்டத்தக்கவை. 1964 முதல் 1971 வரை வார இதழ் ஒன்றில் அவர் எழுதிய ஷோவா கால வரலாற்று ஆராய்ச்சி இவ்வுழைப்பின் முதிர்ந்த கனியாகும். போருக்கு முன் ராணுவம் எவ்வாறு நாட்டைக் கைப்பற்றியது என்பதை அதில் விரிவாக எழுதினார்.

இகழ்ச்சியும் புகழும்

மக்கள் போற்றினாலும் இலக்கிய உலகில் அவருக்கு முழு இடம் தரப் பலர் மறுத்தனர். 1960களில் ஒரு பெரும் பதிப்பகம் நவீன ஜப்பானிய இலக்கியத்தை 80 தொகுதிகளாக வெளியிட்டபோது, தொகுப்பாளர் குழுவில் இருந்த மிஷிமா யுகியோ வன்மையாக எதிர்த்தமையால் செய்ச்சோவின் நூல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. மிஷிமா மொழியழகில் வல்லவர். உயர்குடியில் பிறந்து பல்கலைக்கழகத்தில் பயின்றவர். செய்ச்சோவின் நடையோ அணியில்லாத நடை. அறிக்கை போன்று நேரே செல்வது. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்க நாம் வல்லுநர் அல்லோம். தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளியும், வங்கிக் குமாஸ்தாவும், இல்லத்தரசியும் நெருக்கடியான வண்டியில் நின்றுகொண்டு படித்தது செய்ச்சோவின் நூல்களையே என்பதை மட்டும் சொல்லலாம்.

அவருடைய உழைப்பு மலைக்கத்தக்கது. ஒரே காலத்தில் பல பத்திரிகைகளுக்குத் தொடர்கள் எழுதியமையால் விரல்கள் வலித்து எழுத இயலாமற் போயிற்று. அதன்பின் சுருக்கெழுத்தாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டு சுமார் ஒன்பது ஆண்டுகள் வாயால் சொல்லி எழுதுவித்தார். சிறியனவும் பெரியனவுமாக ஏறத்தாழ ஆயிரம் படைப்புகள் அவருடையவை. 1963இல் மர்மக் கதை எழுத்தாளர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1970இல் கிக்குச்சி கான் பரிசும், 1990இல் அஸாஹி பரிசும் பெற்றார். விளம்பரத்துக்கு எழுத்து வரைந்த ஒப்பந்த ஊழியருக்கே அஸாஹி தன் பரிசை வழங்க நேர்ந்தது காலத்தின் கோலம் எனலாம்.

தம் வாழ்வின் முற்பகுதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1966இல் வெளிவந்த அந்நூலில் தற்புகழ்ச்சி சிறிதும் இல்லை. எழுத்தாளராவதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளே அதன் பொருள். வெற்றி வந்த இடத்தில் நூல் முடிந்துவிடுகிறது.

இறுதி

1992 ஏப்ரலில் மூளை இரத்தக்குழாய் நோயால் வீழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகஸ்டு 4ஆம் நாள் தமது எண்பத்திரண்டாம் வயதில் இயற்கை எய்தினார். அப்போது இரண்டு தொடர்கள் முடிவு பெறாமல் நின்றன. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே நாளில், 1998இல், கொகுராவில் அவருக்கு நினைவு நூற்கூடம் திறக்கப்பட்டது. டோக்கியோ வீட்டில் அவர் எழுதிய அறையும் ஆயிரக்கணக்கான நூல்கள் நிறைந்த நூலறையும் அங்கே அப்படியே அமைக்கப்பட்டுள்ளன. ஆபீஸ் பையனாகச் சைக்கிளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சென்ற தெருக்கள் உள்ள அதே ஊர் அது.

அவருடைய சில நூல்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. புள்ளிகளும் கோடுகளும் 1970இல் பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ் என்றும், 2022இல் புதிய மொழிபெயர்ப்பாக டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்றும் வெளிவந்தது. மணற் பாத்திரம் 1989இல் இன்ஸ்பெக்டர் இமானிஷி இன்வெஸ்டிகேட்ஸ் என்ற பெயரில் வந்தது. ஆங்கிலம் படிக்கும் நம் காலனி இளைஞர்கள் இவற்றைப் படித்துப் பெற்றோருக்குக் கதையாகச் சொன்னால் இருசாராருக்கும் நன்மை உண்டு.

பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது, வேலையில் உயர்வு கிடைக்கவில்லை, வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது, இனி நம்மால் ஆகக்கூடியது யாது என்று சோர்ந்திருக்கும் அன்பர் எந்தக் காலனியிலும் சிலர் இருப்பர். அவர்கள் எல்லாரும் செய்ச்சோ ஆகிவிட முடியும் என்று சொல்வது பொய்யுரையாகும். ஆனால் நின்று படித்த புத்தகமும், கூட்ட வண்டியில் கண்ட முகமும், அலுவலகத்தில் விழுங்கிய அவமானமும் வீணாகப் போகவில்லை என்பதற்கு அவருடைய வாழ்வு சான்றாகும். அவர் படைத்த ஊனமுற்ற இளைஞனும் பயனை எண்ணாமல் வீடு வீடாகச் சென்று செய்தி கேட்டான். அத்தகைய உழைப்பு நம்மிடையேயும் பெருகுவதாக!